சீனக் கடற்படையும் நம் வீட்டு வாசலும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் சுங்கை பாக்காப்பைச் சேர்ந்த அறிவிப்பாளர் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக இங்கே எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். நான் கடற்படை வல்லுநன் அல்லன். மக்கள் தகவல் தொடர்புத் துறையில் ஒரு டிப்ளோமா வாங்கிக் கொண்டு, கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, பிறர் எழுதிக் கொடுத்த செய்தியை வாசிப்பவன். 'தென் சீனக் கடலில் மீண்டும் பதற்றம்' என்ற வரியை இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இருபது வினாடிகள். அப்புறம் விளையாட்டுச் செய்தி, அப்புறம் வானிலை. வாசித்தவனுக்கே அது மனத்தில் தங்கியதில்லை என்பதுதான் உண்மை.

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். சுங்கை பாக்காப் சந்தையில் எங்கள் தாமானைச் சேர்ந்த ஓர் அக்காவைப் பார்த்தேன். அவருடைய மகன் அரச மலேசியக் கடற்படையில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பண்டிகைக்கு வரவில்லையா என்று கேட்டேன். "இல்ல தம்பி, கப்பல்ல டூட்டி. சரவாக் பக்கம் ஏதோ பெத்திங்குன்னு சொன்னான். அங்க சீனாக்காரன் கப்பல் நிக்குதாம், இவுங்க போயி பார்த்துக்கிட்டு நிக்கணுமாம். நீதான் டிவியில நியூஸ் வாசிக்கிறியே, அந்த இடம் எங்க இருக்கு?" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வாசித்த எனக்கே தெரியவில்லை. அன்றிரவு உட்கார்ந்து தேடிப் படிக்கத் தொடங்கினேன். இன்று உங்கள் முன் நான் வைப்பது அந்தப் படிப்பின் பலன்தான்.

கடற்படை என்றால் நம்மில் பலருக்கு அது யாருக்கோ உரிய விஷயம். ஆனால், பினாங்குக்காரர்கள் அப்படி நினைக்க முடியாது. 1914-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் தேதி, விடிவதற்கு முன் ஒரு போர்க்கப்பல் ஜார்ஜ்டவுன் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அதற்கு மூன்று புகைபோக்கிகள்தாம். நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியைக் கட்டி, பிரிட்டிஷ் கப்பல் போல வேடமிட்டு வந்தது. நங்கூரமிட்டிருந்த ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலைச் சில நிமிடங்களில் மூழ்கடித்தது. ரஷ்யக் கப்பலின் தலைவர் அன்றிரவு கரையில் இருந்தார். எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். வெளியேறும் வழியில் முஸ்கே என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் அது விட்டுவைக்கவில்லை. ரஷ்ய மாலுமிகளின் நினைவுத்தூண் வெஸ்டர்ன் ரோடு இடுகாட்டில் இன்றும் இருக்கிறது. போனால் பார்க்கலாம்.

அந்தக் கப்பலின் பெயர் எம்டன். ஆம், நாம் வாய்க்கு வாய் சொல்லும் அதே எம்டன்தான். பினாங்குக்கு வருவதற்கு ஐந்து வாரம் முன்பு, செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த கப்பல். அதற்குப் பிறகுதான் 'அவன் பெரிய எம்டன்' என்ற பேச்சே தமிழில் வந்தது. நாம் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். ஒரே ஒரு கப்பல் இரண்டு கரைகளிலும் இருந்த தமிழனைக் கதிகலங்க வைத்தது என்பது அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. எம்டன் எங்கிருந்து வந்தது? ஜெர்மனியிலிருந்து என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கொடிதான் ஜெர்மன் கொடி. கப்பல் புறப்பட்ட துறைமுகம் சீனாவிலுள்ள சிங்தாவ். 1898-இல் சீனாவை மிரட்டி, 99 ஆண்டுக் குத்தகை என்ற பெயரில் ஜெர்மனி பிடுங்கிக் கொண்ட இடம். 1895-இல் ஜப்பானிடம் தன் வடகடல் கப்பற்படையை இழந்திருந்த சீனாவால் அப்போது ஒன்றும் செய்ய முடியவில்லை. சொந்தத் துறைமுகத்தில் அயலான் கப்பல் நிற்கிறது. அங்கிருந்து கிளம்பி ஊர் ஊராகச் சுட்டுக்கொண்டு போகிறது. சீனாக்காரன் கரையில் நின்று பார்த்துக் கொண்டிருக்கிறான். அந்தச் சிங்தாவ் இன்று சீனக் கடற்படையின் வடகடல் பிரிவுக்குத் தலைமையிடம். அவர்களுடைய முதல் விமானந்தாங்கிக் கப்பலுக்குத் தளமும் அங்கேதான்.

சீனா ஏன் இவ்வளவு அவசரமாகக் கப்பல் கட்டுகிறது என்று கேட்பவர்கள் இந்த ஒரு நூற்றாண்டு அவமானத்தை மறந்துவிடக் கூடாது. அதை நியாயம் என்று நான் சொல்லவில்லை. காரணம் என்று சொல்கிறேன்.

1996-இல் இன்னோர் அடி விழுந்தது. தைவான் தேர்தலை ஒட்டிச் சீனா ஏவுகணைகளை ஏவி மிரட்டியபோது, அமெரிக்கா இரண்டு விமானந்தாங்கிக் கப்பல் அணிகளை அனுப்பி வைத்தது. சீனாவிடம் பதில் இல்லை. இரண்டே ஆண்டுகளில், 1998-இல், சூ செங்பிங் என்ற ஹாங்காங் வணிகர் ஒருவர் உக்ரேனுக்குப் போனார். முன்னாள் கூடைப்பந்து வீரர். சோவியத் யூனியன் உடைந்தபோது பாதியில் நின்றுபோன வர்யாக் என்ற கப்பலை 20 மில்லியன் டாலருக்கு வாங்கினார். மக்காவில் மிதக்கும் சூதாட்ட விடுதி நடத்தப் போவதாகச் சொன்னார். இயந்திரம் ஓடாத அந்தக் கப்பலை இழுத்து வர, துருக்கி தன் நீரிணையில் வழிவிடாமல் ஓராண்டுக்கும் மேல் நிறுத்தி வைத்தது. 2002 மார்ச்சில் ஒரு வழியாகச் சீனாவின் டாலியான் போய்ச் சேர்ந்தது. சூதாட்ட விடுதி வரவில்லை. 2012 செப்டம்பர் 25-இல் லியாவ்நிங் என்ற பெயரில் சீனாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் வந்தது. நம் ஊரில் பழைய லாரியை வாங்கிப் பட்டி பார்த்து ஓட்டுவார்களே, அந்தக் கதைதான்; அளவுதான் பெரிது.

அதன் பிறகு பழையதை வாங்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. 2019 டிசம்பரில் சொந்தமாகக் கட்டிய ஷான்டோங். 2025 நவம்பர் 5-ஆம் தேதி ஃபூஜியான்; விமானங்களை மின்காந்த விசையால் உந்தி ஏவும் அமைப்பு கொண்டது. அமெரிக்காவைத் தவிர வேறு எந்த நாடும் அந்த நுட்பத்தைக் கப்பலில் வைத்ததில்லை. அமெரிக்கத் தற்காப்பு அமைச்சின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை, சீனக் கடற்படையில் போர்க்கப்பல்களும் நீர்மூழ்கிகளுமாக 370-க்கு மேல் இருப்பதாகக் கணக்கிட்டது. எண்ணிக்கையில் அமெரிக்காவையே மிஞ்சியாகி விட்டது. எடையிலும் அனுபவத்திலும் அமெரிக்கா இன்னும் முன்னால் நிற்கிறது. அதனிடம் 11 விமானந்தாங்கிகள் உள்ளன. ஆனால், இன்று உலகில் கட்டப்படும் வணிகக் கப்பல்களில் எடைக் கணக்கில் பாதிக்கு மேல் சீனப் பட்டறைகளில்தான் உருவாகின்றன. பட்டறை உள்ளவனுக்கு, இழந்த கப்பலுக்கு ஈடு கட்டுவது எளிது.

பலவீனமே இல்லையா என்றால், உண்டு. 1988-இல் ஸ்ப்ராட்லி தீவுக்கூட்டத்தில் வியட்நாமியர் 64 பேரைக் கொன்ற அந்தச் சிறு மோதலுக்குப் பிறகு, சீனக் கடற்படை கடலில் ஒரு போரையும் பார்த்ததில்லை. 2003-இல் அதன் நீர்மூழ்கி ஒன்றில் இருந்த 70 பேரும் விபத்தில் மாண்டனர். அண்மை ஆண்டுகளில் உயர் தளபதிகள் சிலர் ஊழல் புகாரில் பதவி இழந்துள்ளனர். ஆகவே, அதை வெல்ல முடியாத பூதமாக்கிப் பேசும் கட்டுரைகளையும் நான் நம்பவில்லை.

சரி, இதில் நமக்கென்ன?

நம் வீட்டுக் கொல்லைப்புறமான மலாக்கா நீரிணையைப் பாருங்கள். ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இதன் வழியே போகின்றன. சிங்கப்பூருக்கு அருகே ஓரிடத்தில் இது மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. சீனா இறக்குமதி செய்யும் எண்ணெயில் பெரும்பகுதி இந்தச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். 2003-இல் அப்போதைய சீன அதிபர் ஹூ ஜின்தாவ் இதைத் தம் நாட்டின் பெரிய கவலையாகப் பேசினார். 'மலாக்கா இக்கட்டு' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. யாரோ ஒருவர் இந்தச் சந்தை அடைத்தால் சீனாவின் தொழிற்சாலைகள் என்னாகும் என்ற பயம்.

அந்தப் பயத்துக்கு மருந்தாக அவர்கள் செய்தவை பல. மியன்மார் வழியாக எண்ணெய்க் குழாய் போட்டார்கள். 2008 டிசம்பரில் கடற்கொள்ளையரைத் தடுக்க ஏடன் வளைகுடாவுக்குப் போர்க்கப்பல்களை அனுப்பினார்கள். அன்று தொடங்கிய அந்தப் பணி இன்றும் நிற்கவில்லை. 2017-இல் ஜிபூத்தியில் முதல் வெளிநாட்டுத் தளம். அதே ஆண்டு இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனம் ஒன்றின் கைக்குப் போயிற்று. மீண்டும் அதே 99 ஆண்டு! சிங்தாவில் தான் வாங்கிய அடியைச் சீனா எண்ணிப் பார்த்ததோ இல்லையோ, நமக்கு அந்த எண் கண்ணில் படாமல் போகாது. 2025 ஏப்ரலில் கம்போடியாவின் ரியாம் தளத்தில் இரு நாடுகளின் கூட்டு மையம் திறக்கப்பட்டது.

இந்தியாவும் சும்மா இல்லை. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 2001-லிருந்து முப்படைகளின் கூட்டுத் தளபதியகம் இயங்குகிறது. 2012-இல் பெரிய நிக்கோபாரின் கேம்பல் பேயில் கடற்படை விமான ஓடுதளம் வந்தது. பினாங்கிலிருந்து அது சுமார் 700 கிலோமீட்டர்தான். நீரிணையின் மேற்கு வாசலில் இந்தியா நிற்கிறது. பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலியர்கள் இருக்கிறார்கள். 1971-இல் மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்து செய்துகொண்ட ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டின் தலைமையகம் அங்கேதான். தென் சீனக் கடல் மேல் ரோந்து போகும் ஆஸ்திரேலிய விமானங்கள் 1980-களிலிருந்து அங்கிருந்து புறப்படுகின்றன. சுங்கை பாக்காப்பிலிருந்து அரை மணி நேரத் தூரம். பட்டர்வொர்த்தில் வளர்ந்த நண்பர்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போன ஒன்று. அது எங்கே போகிறது என்று நாங்கள் கேட்டதே இல்லை.

நம்மவர்களில் சிலருக்கு இதைக் காற்பந்தாட்டம் போலப் பார்க்கும் பழக்கம் உண்டு. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது, என் கைப்பேசியில் வந்து குவிந்த செய்திகளைப் பார்த்தேன். இந்தியா வெல்லுமா, சீனா வெல்லுமா என்று ஒரே ஆரவாரம். ராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட கதையையும் சேர்த்து அனுப்புவார்கள். 2025-இல் அந்தப் படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்ததைத் தமிழ்நாட்டில் விழா எடுத்துக் கொண்டாடினார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால், கடாரம் என்பது கெடா. நம் செபராங் பிறையும் ஒரு காலத்தில் கெடா மண்தான். நாம் இப்போது நிற்பது கப்பலில் வந்தவன் பக்கத்தில் அல்ல. கரையில் இருந்து பார்த்தவன் பக்கத்தில். அதை மறந்துவிட்டுப் பேசினால் கணக்குத் தப்பிவிடும்.

கரையில் இருப்பவனுக்கு என்ன ஆகும் என்பதற்கு 1941 ஒன்று போதும். டிசம்பர் 10-ஆம் தேதி, குவாந்தானுக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. மறுநாள் ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தது. ஒரு வாரத்துக்குள் பிரிட்டிஷார் ஐரோப்பியக் குடும்பங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு பினாங்கைக் கைவிட்டுப் போனார்கள். தமிழன், சீனன், மலாய்க்காரன் எல்லாரும் கரையிலேயே விடப்பட்டார்கள். பின்னர் 1943, 1944-இல் ஜப்பானிய, ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பினாங்கைத் தளமாக்கிக் கொண்டு இந்துமாக்கடலில் வேட்டையாடின. அதே காலத்தில் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை லாரி லாரியாகச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றினார்கள். என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர். திரும்பவில்லை. அவருக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. கரும்பும் ரப்பரும் தெரியும்.

இன்று அப்படி ஒரு போர் வந்துவிடும் என்று சொல்லிப் பயமுறுத்த நான் வரவில்லை. நடப்பது வேறு; மெதுவானது. அந்த அக்கா கேட்ட இடத்துக்கு இப்போது வருகிறேன்.

பெத்திங் பாத்திங்கி அலி. சரவாக் கரையிலிருந்து சுமார் 145 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாறைத் திட்டுகள். அனைத்துலகக் கடல் சட்டப்படி, கரையிலிருந்து 200 கடல் மைல் வரை, அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை, மீனும் எண்ணெயும் எரிவாயுவும் அந்த நாட்டுக்கே உரியவை. ஆகவே அது நம்முடைய பொருளாதார மண்டலம். ஆனால், சீனா வரைந்திருக்கும் கோடு தென் சீனக் கடலில் பெரும்பகுதியை வளைத்துக் கொண்டு, பிந்துலு பக்கத்தில் உள்ள பெத்திங் செருப்பாய் வரை வந்து நிற்கிறது. சரவாக் கரையிலிருந்து 80 கிலோமீட்டர். சீனப் பெருநிலத்திலிருந்து ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். இதில் வேடிக்கை, அந்த இடம் தண்ணீருக்கு மேலே தெரிவதே இல்லை. 22 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. சீனப் பள்ளிப் பிள்ளைகள் அதைத் தங்கள் நாட்டின் தென்கோடி என்று படிக்கிறார்கள். 2013 மார்ச்சிலும் 2014 ஜனவரியிலும் சீனப் போர்க்கப்பல்கள் அங்கே வந்து, மாலுமிகள் மேல்தளத்தில் வரிசையாக நின்று நாட்டைக் காப்போம் என்று உறுதிமொழி எடுத்துவிட்டுப் போனார்கள்.

2009 மே மாதம் மலேசியாவும் வியட்நாமும் சேர்ந்து ஐக்கிய நாட்டு நிறுவனத்திடம் கண்டத்திட்டு எல்லை பற்றி மனுக் கொடுத்தன. மறுநாளே சீனா அந்தக் கோட்டுப் படத்தை இணைத்து எதிர்ப்புக் கடிதம் கொடுத்தது. 2016 ஜூலை 12-இல் பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில், அந்தக் கோட்டுக்குள் உரிமை கோரச் சட்ட ஆதாரம் இல்லை என்று நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. சீனா ஏற்கவில்லை. தீர்ப்பைக் கொண்டுபோய் நிறைவேற்றக் கடலில் போலீஸ்காரன் இல்லை.

2013-லிருந்து சீனக் கடலோரக் காவல் படையின் கப்பல் பெத்திங் பாத்திங்கி அலியை விட்டு அநேகமாக அகலுவதே இல்லை. ஒன்று போனால் இன்னொன்று வருகிறது. 2020-இல் பெட்ரோனாஸுக்காகத் துளையிட்டுக் கொண்டிருந்த வெஸ்ட் கெபெல்லா கப்பலுக்கு அருகே சீன ஆய்வுக் கப்பல் தன் காவலர்களோடு வந்து சுற்றியது. அமெரிக்க, ஆஸ்திரேலியப் போர்க்கப்பல்களும் வந்தன. 2021 மே 31-ஆம் தேதி சீன விமானப்படையின் 16 விமானங்கள் சரவாக்கை நோக்கி அணிவகுத்து வந்தன. லாபுவானிலிருந்து நம் ஹாக் விமானங்கள் எழும்பிப் போய்ப் பார்த்தன. 1974-இல் துன் ரசாக் பெய்ஜிங் சென்று தூதரக உறவைத் தொடங்கி வைத்ததும் இதே மே 31-ஆம் தேதிதான். தற்செயலாக இருக்கலாம். இருந்தாலும் நல்ல பிறந்தநாள் பரிசு!

பிந்துலுவிலிருந்து ஏற்றுமதியாகும் எரிவாயு அந்தக் கடலுக்கு அடியிலிருந்துதான் வருகிறது. அந்தப் பணம் அரசாங்கக் கருவூலத்துக்கு வருகிறது. சுங்கை பாக்காப் மருத்துவமனையில் மருந்து வாங்கிக்கொண்டு வரும் நம் பாட்டிக்கும் அந்தக் கடலுக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

அரசாங்கம் என்ன செய்கிறது? சத்தம் போடாமல் இருக்கிறது. வேறு எந்தக் கட்சி ஆண்டாலும் இதே வழிதான். எதிர்ப்புக் கடிதம் கொடுப்பது, கப்பலை அனுப்பிக் கண்காணிப்பது, துளையிடும் வேலையை நிறுத்தாமல் இருப்பது. 2024-இல் சீனாவின் ஆட்சேபக் கடிதம் ஒன்று வெளியானபோதும், எண்ணெய்த் தேடல் நிற்காது என்று பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் சொல்லிவிட்டு மேலே பேசாமல் விட்டார். இதைக் கோழைத்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2009-லிருந்து நம் மிகப்பெரிய வணிகக் கூட்டாளி சீனா. நான் ஊருக்குப் போனால் பத்து காவானிலிருந்து பத்து மாவுங்குக்குப் போகும் இரண்டாவது பாலத்தில்தான் தீவுக்குப் போவேன். 24 கிலோமீட்டர். 2014-இல் திறந்தார்கள். சீன வங்கிக் கடன். கட்டியதில் சீன நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. அதே நிறுவனத்தின் தாய்க் குழுமத்தைச் சேர்ந்த வேறு கிளைகள்தாம் தென் சீனக் கடலில் மண் அள்ளிப் போட்டுச் செயற்கைத் தீவுகளை எழுப்பின என்று 2020-இல் அமெரிக்கா அவற்றின் மேல் தடை விதித்தது. பாலமும் வேண்டும், பாறையும் வேண்டும். இரண்டையும் ஒரே ஆளிடம் பேசித் தீர்க்க வேண்டியிருக்கும்போது கத்திப் பயனில்லை.

ஆனால், மெதுவாகப் பேசுபவன் கையில் ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா? என் வருத்தம் இங்கேதான் தொடங்குகிறது.

எல்.சி.எஸ். எனப்படும் கரையோரப் போர்க்கப்பல்கள் ஆறு. லூமுட்டில் கட்ட 9 பில்லியன் வெள்ளிக்கு ஒப்பந்தம். முதல் கப்பல் 2019-இல் வந்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அறிக்கை வெளியிட்டது: 6 பில்லியன் வெள்ளிக்கு மேல் கொடுத்தாயிற்று, ஒரு கப்பல்கூட முடியவில்லை. பிறகு ஆறு ஐந்தாகக் குறைந்தது. செலவு 11 பில்லியனைத் தாண்டியது. 2025 முடியும்வரை ஒன்றுகூடக் கடற்படையின் கைக்கு வந்து சேரவில்லை. இதே காலத்தில் சீனா 12,000 டன் எடையுள்ள 055 ரகப் போர்க்கப்பல்களை எட்டுக்குக் குறையாமல் கடலில் இறக்கிவிட்டது. நம்மையும் சீனாவையும் ஒப்பிடுவது சரியில்லை என்பீர்கள். சரி, ஒப்பிடவில்லை. நம்மை நம்மோடே ஒப்பிட்டுப் பார்ப்போம்.

2024 ஆகஸ்டு 25-ஆம் தேதி, கேடி பெண்டேகார் என்ற நம் கப்பல் ஜொகூர் கரைக்கு அப்பால் தண்ணீர் புகுந்து மூழ்கியது. 39 பேரும் உயிர் பிழைத்தார்கள், கடவுள் செயல். அந்தக் கப்பல் பணியில் சேர்ந்த ஆண்டு 1979. இங்கே அமர்ந்திருக்கும் பலர் பிறப்பதற்கு முன்னால். நான் பிறப்பதற்கும் முன்னால்.

புதிதாக வந்து சேர்ந்தவை கெரிஸ், சுண்டாங், பாடிக், ரென்சோங் என்ற நான்கு சிறு ரோந்துக் கப்பல்கள். சுமார் 1 பில்லியன் வெள்ளி. எங்கே கட்டினார்கள் தெரியுமா? சீனாவின் வூஹானில். சீனக் கப்பலைக் கண்காணிக்கச் சீனாவிடமே கப்பல் வாங்கி வைத்திருக்கிறோம். ஒழுங்காகக் கொடுத்தவர்கள் அவர்கள்தாம் என்று வேறு சொல்ல வேண்டியிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. அந்த 6 பில்லியனைப் பற்றிக் கேட்க வேண்டியது சீனாக்காரனை அல்ல.

இன்னொன்று. இது பேசித்தான் ஆக வேண்டும். 2024 அக்டோபரில் சி ஜிகுவாங் என்ற சீனக் கடற்படைப் பயிற்சிக் கப்பல் பினாங்குக்கு நல்லெண்ண வருகை வந்தது. வரவேற்கப் போன நம் நாட்டுச் சீனர்களைப் பற்றிச் சமூக வலைத்தளங்களில் வந்த பேச்சு கேட்கத் தகுந்ததாக இல்லை. அதில் தமிழில் எழுதியவர்களும் இருந்தார்கள். சுங்கை பாக்காப் வட்டாரத்தில் தியோச்சூ முதலாளிகளும் தமிழ்த் தொழிலாளர்களும் கரும்புத் தோட்டத்தில் சேர்ந்து புழுங்கிய காலம் உண்டு. அவர்களுடைய நான்காம், ஐந்தாம் தலைமுறைதான் இன்று நம் பக்கத்துக் கடைக்காரர். பெய்ஜிங் வரைந்த கோட்டுக்கு அவர் பொறுப்பா? இந்திய அரசாங்கம் எதையாவது செய்தால் நம்மைக் கூப்பிட்டுக் கேட்டால் எப்படி இருக்கும்?

பத்து மாவுங்கில் செங் ஹோவின் காலடி என்று ஒரு பாறைத் தடத்தை வைத்துச் சாம் போ கோயில் கட்டியிருக்கிறார்கள். 1405-லிருந்து 1433 வரை ஏழு முறை இந்தக் கடல்களைச் சுற்றி வந்த சீனக் கப்பற்படைத் தலைவர் அவர். இலங்கைக்குக் கொண்டுபோய் அவர் நட்ட 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று 1911-இல் காலியில் கிடைத்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று மொழிகள்: சீனம், பாரசீகம், தமிழ். தமிழ்ப் பகுதி தெய்வந்துறையில் கோயில் கொண்ட தெனாவரை நாயனாருக்குக் காணிக்கை சொல்கிறது. சீனப் பேரரசரின் கப்பற்படை நம் மொழியில் எழுதி நம் தெய்வத்துக்குப் பொன்னும் பட்டும் வைத்தது. இதைப் படித்து நான் நெகிழ்ந்து போனேன். அடுத்த பக்கத்தைப் படித்தேன். 1411-இல் அதே செங் ஹோ, இலங்கை மன்னனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டு போனார். இரண்டும் அதே கப்பல்கள்தாம் செய்தன.

நேரம் முடிந்துவிட்டது என்று தயாரிப்பாளர் கை காட்டுகிறார். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பண்டிகை முடிந்து கிளம்புவதற்கு முன், அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். நாள்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, மலேசியா, சரவாக், பிந்துலு என்று வரைந்து, கடலில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினேன். சண்டை வருமா தம்பி என்று கேட்டார். இப்போதைக்கு வராது அக்கா, பார்த்துக்கொண்டு நிற்கும் வேலைதான் என்றேன். மகன் போகும் கப்பலுக்கு எத்தனை வயது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பழைய கப்பல் என்று மட்டும் மகன் சொல்லியிருக்கிறான். தாளைக் கையில் வாங்கி அந்தப் புள்ளியை வெகு நேரம் பார்த்தார்.

"இங்கேருந்து போன் பண்ண லைன் கிடைக்குமா?" என்றார்.

"கரைக்கு வந்தாத்தான் அக்கா," என்றேன்.